லூம் பின்னலில் ஓரம் சுருளாமல் இருக்க எந்தக் கண்ணி, எந்த விளிம்பு?

கேள்வி: குன்னூரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். லூம் என்னும், 24 முளைகள் நட்ட வட்டச் சட்டத்தில் குல்லா பின்னக் கற்றுக்கொண்டிருக்கிறேன். நூலை ஒவ்வொரு முளையிலும் முழுச் சுற்றாகச் சுற்றி, கீழே உள்ள கண்ணியைக் கொக்கியால் தூக்கி முளைக்கு மேலாக உட்புறம் விடும் இ-ராப் முறை மட்டுமே எனக்குத் தெரியும். குல்லாவுக்கு அது போதுமானதாக இருந்தது. இங்குள்ள குளிருக்கு வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொன்று பின்னிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது அதே லூமில் வட்டமாகப் போகாமல், முதல் முளையிலிருந்து கடைசி முளை வரை சென்று திரும்பி வந்து, என் மாமனாருக்கு ஒரு மஃப்ளர் பின்னத் தொடங்கியிருக்கிறேன். ஒரு முழம் வளர்வதற்குள் இரண்டு பக்க ஓரங்களும் பின்பக்கமாகச் சுருண்டுகொண்டு, அகலமான துணியாக இருக்க வேண்டியது குழாயாகிவிட்டது. தொடங்கிய ஓரத்தில் கண்ணிகள் தளர்ந்து வளையம் வளையமாகத் தொங்குகின்றன. மாதிரிக்காக முடித்துப் பார்த்த சிறு துண்டிலோ, முடித்த ஓரம் மட்டும் இறுகிச் சுருங்கி, துணியின் அகலத்தைவிடக் குறைந்து நிற்கிறது.

நான் அறிய விரும்புவது மூன்று. சுருளாமல் இருக்க வேறு கண்ணி பின்ன வேண்டுமா, அல்லது பின்னி முடித்த பிறகு இஸ்திரி போட்டால் சரியாகிவிடுமா? நூல் அக்ரிலிக். தொடக்க ஓரமும் முடிவு ஓரமும் ஒரே மாதிரி அமைய வழி உண்டா? மஃப்ளர் முடிந்ததும் தங்கைக்குப் பிறக்கவிருக்கும் குழந்தைக்கு ஒரு சிறு போர்வை பின்ன எண்ணியிருக்கிறேன். அதற்கு அழகான கரை எப்படி வைப்பது?

பதில்: திருப்பூரிலிருந்து

வணக்கம் சகோதரி. பின்னலாடைத் துணியின் தரம் பார்க்கும் வேலையில் இருப்பவன் நான். எனவே முதல் கேள்விக்கு மட்டும் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். நீங்கள் பின்னியது கோணலாகிவிட்டதால் ஓரம் சுருளவில்லை. அந்தத் துணியின் இயல்பே அதுதான்.

வீட்டில் கிழிந்த பழைய பனியன் ஒன்று இருந்தால் எடுத்து, குறுக்காக ஒரு வெட்டும் நெடுக்காக ஒரு வெட்டும் வெட்டிப் பாருங்கள். குறுக்காக வெட்டிய ஓரம் துணியின் நல்ல பக்கத்தை நோக்கிச் சுருளும். நெடுக்காக வெட்டிய ஓரம் பின்பக்கத்தை நோக்கிச் சுருளும். நாங்கள் சிங்கிள் ஜெர்சி என்று சொல்லும் இந்தத் துணியில் எல்லாக் கண்ணிகளும் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன. வளைத்து வைக்கப்பட்ட நூல் ஒவ்வொரு கண்ணியிலும் நிமிர்ந்துகொள்ளவே முயல்கிறது. எல்லாக் கண்ணிகளும் ஒரே திசையில் முயலும்போது அந்த இழுப்பு ஒன்றுசேர்ந்து, தடுப்பதற்குப் பக்கத்தில் துணி இல்லாத ஓரத்தில் வெளிப்படுகிறது. பனியனின் கழுத்திலும் டி-சர்ட்டின் காலரிலும் ரிப் துணியை வைத்துத் தைப்பதற்கு நீளும் தன்மையோடு இதுவும் ஒரு காரணம். ரிப்பில் ஒரு நெடுவரிசைக் கண்ணிகள் முன்னே பார்த்தால் அடுத்த வரிசை பின்னே பார்க்கிறது. ஒன்றின் இழுப்பை மற்றொன்று சமன் செய்துவிடுவதால் துணி படிந்து கிடக்கும்.

இயந்திரப் பின்னலும் இதே சிக்கலோடுதான் தொடங்கியது என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ உருவாக்கிய காலுறைத் தறியால் ஒரு பக்கம் பார்த்த கண்ணிகளை மட்டுமே பின்ன முடிந்தது. கண்ணியை மறுபக்கம் திருப்பிப் பின்னும் இரண்டாவது ஊசி வரிசையைச் சேர்த்து, தறியிலேயே ரிப் பின்னும் அமைப்புக்கு ஜெடிடையா ஸ்ட்ரட் 1759-இல் காப்புரிமை பெறும் வரை ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆயின. உங்கள் லூமில் அந்த இரண்டாவது வரிசையின் வேலையைச் செய்வது பர்ல் என்னும் கண்ணி. அதைக் கற்றுக்கொள்ளாமல் சுருளுக்குத் தீர்வு இல்லை.

இஸ்திரி வேண்டாம் என்பதே என் கருத்து. அக்ரிலிக் சூட்டில் இளகும் இழை. சூடான இஸ்திரிப் பெட்டியை நேரடியாக வைத்தால் நூல் நசுங்கிப் பளபளப்பு ஏறி, உல்லனுக்கு உரிய துள்ளல் போய்விடும். துணியைத் தொடாமல் ஆவி மட்டும் காட்டினால் சுருள் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அளவு சற்று மிஞ்சினாலும் துணி தொய்ந்துவிடும், பிறகு எதைச் செய்தும் பழைய நிலைக்கு மீட்க முடியாது. ஆட்டு ரோம நூலாக இருந்தால் நனைத்து, விரித்து, குண்டூசி குத்திக் காயவைக்கலாம். அதுவும் அடுத்த சலவை வரைதான் தாங்கும்.

பதில்: கோவையிலிருந்து, பின்னல் வகுப்பு நடத்துபவர்

திருப்பூர் சகோதரர் காரணத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். செய்முறையை நான் சொல்கிறேன். வகுப்பில் புதிதாக வருபவர்கள் பர்ல் என்றதும் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அதை மட்டும் நிதானமாக எழுதுகிறேன்.

முளையில் ஏற்கெனவே ஒரு கண்ணி இருக்கிறது. நூலை அந்தக் கண்ணிக்குக் கீழே, முளையின் முன்புறமாகப் பிடியுங்கள். கொக்கியை மேலிருந்து கீழாக, கண்ணிக்கும் முளைக்கும் இடையில் இறக்குங்கள். கீழே இருக்கும் நூலைப் பிடித்து, அதே வழியாக மேலே இழுத்தால் சிறிய புதுக் கண்ணி ஒன்று வெளியே வரும். அதைக் கொக்கியிலேயோ விரலிலேயோ பிடித்துக்கொண்டு, பழைய கண்ணியை முளையிலிருந்து கழற்றிவிட்டு, புதுக் கண்ணியை மாட்டி, நூலை இலேசாக இழுங்கள். முளையின் முன்னால், புதுக் கண்ணிக்குச் சற்றுக் கீழே, படுக்கை வாட்டில் ஒரு சிறு மேடு தெரிந்தால் பர்ல் சரியாக விழுந்திருக்கிறது என்று பொருள். இதையே தலைகீழாகச் செய்தால், அதாவது நூலைக் கண்ணிக்கு மேலே வைத்து, கொக்கியைக் கீழிருந்து மேலாகச் செலுத்தி நூலைப் பிடித்துக் கீழே இழுத்தால், அது முறுக்கில்லாத சரியான நிட் கண்ணி.

நீங்கள் இதுவரை பின்னிய இ-ராப்பும் நிட் வகைதான் என்றாலும், அதில் கண்ணியின் இரு கால்களும் அடியில் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து முறுக்கேறி நிற்கும். அதற்கு நூலும் கூடுதலாகப் பிடிக்கும், வரிசையும் உயரமாக வரும். பர்ல் வரிசையோ குட்டையாக வரும். இரண்டையும் கலந்தால் ஒரு வரிசை தளர்வாகவும் அடுத்தது இறுக்கமாகவும் தெரியும். ஆகையால் பர்லோடு சேர்த்துப் பின்னும்போது இ-ராப்பை விட்டுவிட்டு, மேலே சொன்ன நிட்டையோ, நூலை முழுச் சுற்றாகச் சுற்றாமல் முளையை அரைவட்டமாக மட்டும் அணைத்துத் தூக்கும் யு-ராப்பையோ பின்னுங்கள்.

ஊசிப் பின்னல் குறிப்புகளைப் பார்த்து லூமில் செய்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு ஊசிகளில் பின்னும்போது ஒவ்வொரு வரிசை முடிந்ததும் துணியைத் திருப்புகிறோம். எனவே எல்லா வரிசையும் நிட் பின்னினாலே, இருபுறமும் படுக்கை மேடுகள் தெரிய, சுருளாமல் படிந்து கிடக்கும் கார்ட்டர் பின்னல் வந்துவிடும். லூமில் துணி திரும்புவதே இல்லை. நல்ல பக்கம் எப்போதும் நம்மைப் பார்த்தே இருக்கிறது. எல்லா வரிசையும் நிட் பின்னினால் இங்கே கிடைப்பது பனியன் துணிதான். கார்ட்டர் வேண்டுமானால் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றி மாற்றிப் பின்ன வேண்டும். அதேபோல ரிப் இங்கே மிகவும் எளிது: நிட் பின்னிய முளையில் கடைசி வரை நிட், பர்ல் பின்னிய முளையில் கடைசி வரை பர்ல்.

மஃப்ளருக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் நான்கு நான்கு முளைகளில் கார்ட்டர் கரை வைத்து, நடுவில் 16 முளைகளில் நிட் பின்னலாம் என்று பலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் கரை மட்டும் சுருளாது. ஆனால் நடுத்துணியின் இழுப்பு அப்படியே இருப்பதால், கரையோடு சேர்ந்து ஓரம் மொத்தமாகப் பின்னே மடங்குவதும் உண்டு. மேலும் மஃப்ளர் கழுத்தில் சுற்றும்போது அதன் இரண்டு பக்கமும் வெளியே தெரியும் பொருள். ஆகையால் முழுத் துணியையுமே இருபுறமும் ஒரே மாதிரி தெரியும் பின்னலாக எடுத்துக்கொள்வதுதான் நல்லது. 22 முளைகளை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று ரிப் பின்னினால், இரு ஓரமும் இரண்டு நிட்டில் முடிந்து சமச்சீராக இருக்கும். பெரியவருக்கு என்பதால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்; ரிப் கழுத்தோடு ஒட்டி நின்று காற்றை உள்ளே விடாது. அகலம் குறைந்து வரும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அகலம் வேண்டுமானால் கார்ட்டர்.

பக்க ஓரத்தைச் சங்கிலி போலச் சீராக வைக்க, ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் முதல் முளையைப் பின்னாமல் விட்டுவிட்டு, நூலை அதன் பின்புறமாகக் கொண்டுசென்று இரண்டாவது முளையிலிருந்து தொடங்குங்கள். கடைசி முளையை வழக்கம்போல் பின்னுங்கள். இப்படிச் செய்தால் இரண்டு வரிசைக்கு ஒரு சங்கிலிக் கண்ணி என்ற கணக்கில் ஓரம் அமையும். ஒரு வரிசையில் முதல் முளையைப் பின்னியும் அடுத்த வரிசையில் விட்டும் போனால்தான் ஓரம் முடிச்சு முடிச்சாகத் தெரியும். கார்ட்டர் வரிசைகள் குட்டையானவை என்பதால் இந்தச் சங்கிலி அதற்கு அளவாகப் பொருந்தும். உயரமான இ-ராப் துணியில் அதே சங்கிலி இழுத்துப் பிடிக்கும். அங்கே ஓரக் கண்ணியைச் சற்றுத் தளர்வாக விட வேண்டும்.

தொடக்கமும் முடிவும் ஒத்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அதற்குக் குரோஷா ஊசியால் கண்ணி ஏற்றுங்கள். நூலில் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டி, ஊசியை லூமின் உட்புறமும் நூலை வெளிப்புறமும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் முளைக்கும் இரண்டாவது முளைக்கும் நடுவில் ஊசியை வெளியே நீட்டி, நூலைப் பிடித்து உள்ளே இழுத்து, ஊசியில் இருக்கும் கண்ணி வழியாக எடுத்தால், முதல் முளையை நூல் அணைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முளைக்கும் இப்படியே சென்று, ஊசியில் மிஞ்சும் கடைசிக் கண்ணியைக் கடைசி முளையில் மாட்டிவிடுங்கள். தொங்கும் வளையங்களுக்குப் பதிலாக அழுத்தமான சங்கிலி ஓரம் கிடைக்கும்.

முடிக்கும்போது வழக்கமாகச் செய்வது இது: முதல் இரண்டு முளைகளைப் பின்னி, இரண்டாவதன் கண்ணியை முதல் முளைக்கு மாற்றி, கீழ்க் கண்ணியை மேல் கண்ணிக்கு மேலாக எடுத்துவிட்டு, மிஞ்சியதை இரண்டாவது முளைக்குத் திருப்பி, மூன்றாவதைப் பின்னித் தொடர்வது. தொடக்கத்தில் வந்த அதே சங்கிலி இதிலும் வரும். உங்கள் துண்டில் அது இறுகியதற்குக் காரணம் நூலை இழுத்துப் பிடித்துப் பின்னுவதுதான். அகல இடைவெளி உள்ள லூமில் குரோஷா ஊசியால் கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி முடித்து, ஒவ்வொரு கண்ணிக்கும் இடையில் ஒரு சங்கிலி கூடுதலாகப் போட்டால் ஓரம் துணியின் அகலத்துக்கு விரிந்து கொடுக்கும்.

ரிப்புக்கு இன்னும் நீளும் ஓரம் வேண்டும். துணி அகலத்தைப் போல் மூன்று முதல் நான்கு மடங்கு நூலை விட்டு வெட்டி, மழுங்கிய முனையுள்ள ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணிகளின் வழியாக முன்னே சென்று, முதல் கண்ணியின் வழியாகத் திரும்பி வந்து, அந்த முதல் கண்ணியை முளையிலிருந்து கழற்றுங்கள். பிறகு அடுத்த இரண்டு. தையல் போலவே செல்லும் இந்த முடிப்பு ரிப்போடு சேர்ந்து நீளும்.

குல்லாவின் அடி ஓரமும் சுருளுமானால் அதற்கு மடிப்பு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை அங்குல மடிப்புக்கு ஐந்து அங்குலம் பின்னிய பிறகு, தொடக்க ஓரத்தின் கண்ணிகளை உள்ளிருந்து தூக்கி அந்தந்த முளையில் மாட்டி, கீழ்க் கண்ணியை மேலே எடுத்துவிட்டால் போதும்.

கேட்டவர்: குன்னூரிலிருந்து

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மிக்க நன்றி. பழைய பனியனை வெட்டிப் பார்த்தேன். அவர் சொன்னபடியே இரு திசையிலும் சுருண்டது, இப்போதுதான் விஷயம் விளங்கியது. மஃப்ளரைப் பிரித்துவிட்டு, குரோஷா ஊசியால் ஏற்றி, ரிப்பில் தொடங்கியிருக்கிறேன். பர்ல் மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனால் துணி மேசைமேல் அப்படியே படிந்து கிடப்பதைப் பார்க்க நிறைவாக இருக்கிறது.

ஒரு சந்தேகம். என் லூமில் முளைகளின் இடைவெளி முக்கால் அங்குலம் அளவுக்கு இருக்கிறது. இங்கே கடையில் கிடைக்கும் உல்லன் நூலோ மெல்லியது. துணி வலை போலத் தெரிகிறது. 24 முளைகளில் போர்வைக்கான அகலமும் வராதே, அதற்கு என்ன செய்வது?

பதில்: ரொறன்ரோவிலிருந்து

வணக்கம் அக்கா. அகல இடைவெளி லூமுக்கு மெல்லிய நூல் என்றால் இரண்டு அல்லது மூன்று இழைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துப் பின்னுங்கள். எத்தனை இழை என்பதைப் பத்து முளைகளில் ஒரு சிறு துண்டு பின்னி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தீர்மானிக்கலாம். குழந்தையின் போர்வைக்கு நான் எப்போதும் விரல் நுழையாத அளவுக்கு நெருக்கமாகவே பின்னுகிறேன்.

அகலத்துக்குப் பெரிய லூம் வாங்க வேண்டியதில்லை. இங்கே கடைகளில் 24, 31, 36, 41 முளைகள் கொண்ட வட்ட லூம்களைத் தொகுதியாக விற்பார்கள். என்னிடம் அந்தத் தொகுதி இருந்தும், போர்வையைச் சிறிய லூமில் பட்டி பட்டியாகப் பின்னி இணைப்பதையே விரும்புகிறேன். பட்டி மடியில் அடங்கும், பயணத்திலும் பின்னலாம். மூன்று பட்டிகளைக் கார்ட்டரில், முன்னவர் சொன்ன சங்கிலி ஓரத்தோடு பின்னுங்கள். கார்ட்டரில் இரண்டு வரிசைக்கு ஒரு மேடு தெரியும். சங்கிலியும் இரண்டு வரிசைக்கு ஒன்று. ஆகவே மூன்று பட்டிகளிலும் மேடுகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால், சங்கிலிக்குச் சங்கிலி நேராக வைத்துக் குரோஷா ஊசியால் இணைத்துவிடலாம், நீளம் முன்பின்னாகாது. இணைக்கும் நூலை இறுக்காதீர்கள், மூட்டு குறுகி நடுப்பட்டி கூடாரமாக எழும்பும்.

கரைக்குக் குரோஷாதான் என் தெரிவு. நல்ல பக்கம் தெரியப் போர்வையை வைத்துக்கொண்டு, முதலில் நான்கு பக்கமும் ஒரு சுற்று ஒற்றைக் குரோஷா (ஓரக் கண்ணியில் ஊசியை நுழைத்து நூலை இழுத்து, மீண்டும் நூலைப் பிடித்து ஊசியிலுள்ள இரண்டு கண்ணிகள் வழியாகவும் எடுப்பது) போடுங்கள். ஏற்றிய ஓரத்திலும் முடித்த ஓரத்திலும் கண்ணிக்கு ஒன்று. பக்க ஓரத்தில் சங்கிலிக்கு ஒன்று. கார்ட்டர் இல்லாமல் வெறும் நிட் துணியாக இருந்தால் பக்க ஓரத்தில் நான்கு வரிசைக்கு மூன்று என்பது பொதுவான கணக்கு. ஓரம் அலை அலையாக நெளிந்தால் கண்ணி அதிகம், சுருங்கி இழுத்தால் குறைவு. கணக்கைவிடக் கண் பார்ப்பதை நம்பிக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சுற்றை நண்டுப் பின்னலாகப் போடலாம். அதே ஒற்றைக் குரோஷாவைத்தான், வலக்கைக்காரர்கள் வழக்கத்துக்கு மாறாக இடமிருந்து வலமாகப் பின்னிச் செல்கிறோம். ஊசியை வலப்புறத்துக் கண்ணியில் நுழைக்கும்போது கை முதலில் முரண்டும். சில அங்குலம் போனதும் பழகிவிடும். கயிறு முறுக்கினாற்போல உருண்ட, அழுத்தமான கரை கிடைக்கும், இழுத்தாலும் தொய்யாது. பூப்போன்ற முனைகள் கொண்ட பீக்கோ கரையும் குஞ்சமும் பார்வைக்கு அழகுதான். ஆனால் சிறு விரல்கள் அவற்றில் மாட்டிக்கொள்ளும், குழந்தை வாயிலும் வைக்கும், எனவே இந்தப் போர்வைக்கு வேண்டாம். நூல் நுனிகளையும் முடிச்சுப் போட்டு வெட்டாமல், குறைந்தது இரண்டு மூன்று அங்குலம் துணிக்குள் ஒரு திசையிலும் பிறகு எதிர்த் திசையிலும் கோத்து மறையுங்கள்.

அளவு குறித்து ஒரு வார்த்தை. முதல் ஓராண்டில் குழந்தை உறங்கும் தொட்டிலில் தளர்வான போர்வை எதையும் வைக்கக் கூடாது என்று இங்குள்ள சுகாதாரத் துறையினர் அறிவுறுத்துகிறார்கள். ஆகையால் நான் பின்னுபவை எல்லாம் மடியில் வைத்திருக்கும்போது போர்த்துவதற்கும், தரையில் விரித்துக் குழந்தையைக் கிடத்தி விளையாட்டுக் காட்டுவதற்கும் உரிய சிறிய அளவுதான். மூன்று பட்டிகள் அதற்குத் தாராளமாகப் போதும்.

மூலைகளில் ஒரே கண்ணிக்குள் மூன்று ஒற்றைக் குரோஷா போட மறக்காதீர்கள். முதல் சுற்று முடிந்ததும் நண்டுப் பின்னலைத் தொடங்குவதற்கு முன்பே போர்வையைத் தரையில் விரித்துப் பாருங்கள். மூலை கிண்ணமாகக் குவிந்தால் அந்த மூன்றும் போதவில்லை. அவிழ்த்து இன்னொன்றைச் சேர்த்துவிட்டுப் பிறகு அடுத்த சுற்றுக்குப் போங்கள்.